எம்ஆர்பியா, கான்பானா, ஸ்கோரா? ஒப்பிடும்போது நேரும் தவறுகள்

ஸ்கோர் (SCOR), எம்ஆர்பி (MRP: எந்தப் பாகம் எவ்வளவு வேண்டும் என்று கணக்கிடும் முறை, பாக்கெட்டில் அச்சிடும் விலை அல்ல), கான்பான் (தீர்ந்த சரக்கை அட்டை காட்டி வரவழைக்கும் டொயோட்டா முறை) மூன்றையும் ஒரே அட்டவணையில் போட்டு 'எது சிறந்தது?' என்று கேட்பதுதான் முதல் தவறு. ஸ்கோர் 1996-இல் வந்த கட்டமைப்பு. திட்டமிடல், கொள்முதல், உற்பத்தி, விநியோகம், திரும்பி வரும் சரக்கு என்று சப்ளை செயின் முழுவதையும் பிரித்து அளக்க அது உதவும். அடுத்த வாரம் எத்தனை டயர் வாங்குவது என்று அது சொல்லாது. அது எம்ஆர்பியின் வேலை.

அடுத்த தவறுதான் அதிகம் பணத்தைத் தின்கிறது. சைக்கிள் எத்தனை விற்கும் என்பதைக் கணிக்கத்தான் வேண்டும். ஆனால் டயரைக் கணிக்கத் தேவையில்லை, கணக்குப் போட்டாலே போதும். 100 சைக்கிளுக்கு 200 டயர், கையிருப்பு 60, வாங்க வேண்டியது 140. 1960-களில் ஜோசப் ஆர்லிக்கி எம்ஆர்பியை இந்த வேறுபாட்டின் மேல்தான் கட்டினார். இருந்தும் பலர் போன வருடச் சராசரியை எடுத்து, 1913-இல் ஃபோர்டு ஹாரிஸ் தந்த இஓக்யூ (EOQ: ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்கினால் செலவு குறையும் என்று சொல்லும்) சூத்திரத்தில் போடுகிறார்கள். அந்தச் சூத்திரம் தேவை சீராக இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. தொழிற்சாலையில் டயர் தேவை அப்படி வராது. ஒரு வாரம் ஒன்றுமே இருக்காது, அடுத்த வாரம் மொத்தமாக வந்து நிற்கும். (அதே டயர் ஸ்பேர் பார்ட்ஸாகக் கடைக்குப் போகிறதென்றால், அந்தப் பங்கைக் கணிக்கத்தான் வேண்டும்.)

சரி, எம்ஆர்பியே போட்டாயிற்று. கணினியில் 60 என்றிருக்கும் டயர் குடோனில் 20தான் இருந்தால்? அது 140க்கே ஆர்டர் போடும், 20 சைக்கிள் டயர் இல்லாமல் நிற்கும். மென்பொருளைக் குறை சொல்வதற்கு முன் ஸ்டாக்கை எண்ணிப் பாருங்கள்.

கான்பான் என்றால் இருப்பே வைக்காமல் ஓட்டுவது என்று நினைப்பதும் தவறு. ஒவ்வொரு கான்பான் அட்டைக்கும் பின்னால் ஒரு பெட்டி சரக்கு இருக்கிறது. 1997 பிப்ரவரியில் ஜப்பானில் டொயோட்டாவின் சப்ளையரான ஐசினின் ஆலை தீப்பிடித்தபோது, பிரேக்குக்கான ஒரு சின்ன வால்வு கிடைக்காமல் டொயோட்டாவின் ஆலைகள் சில நாட்கள் நின்றன. இதைக் காட்டி 'ஜஸ்ட் இன் டைம் தோற்றது' (தேவைப்படும் நேரத்தில் மட்டும் சரக்கை வரவழைப்பதுதான் ஜஸ்ட் இன் டைம், கான்பான் அதன் கருவி) என்று எழுதுவோர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: அந்த வால்வை டொயோட்டா கிட்டத்தட்ட முழுவதும் ஒரே சப்ளையரிடம் வாங்கிக்கொண்டிருந்தது.

டொயோட்டாவேகூட ஒரே முறையோடு நிற்பதில்லை. சப்ளையர்களுக்கு முன்கூட்டியே மாதத் திட்டம் போகும், அன்றாடம் சரக்கை வரவழைப்பது கான்பான். 2011 ஜப்பான் நிலநடுக்கத்துக்குப் பிறகு, வந்துசேர நெடுநாள் எடுக்கும் சிப்களை மட்டும் மாதக்கணக்கில் இருப்பு வைக்கும்படி சப்ளையர்களிடம் கேட்டுக்கொண்டது.