மாட்டுப் பண்ணைச் சிற்றூர்களின் வரலாற்றைப் பார்த்து அறிவது எப்படி

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் உள்ள மாட்டுப் பண்ணைச் சிற்றூர்களுக்குச் செல்வோர் பலர், பிரதான வீதியில் ஒரு நடை நடந்து, பழைய மதுக்கூடத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடுகின்றனர். புல், தண்ணீர், வேலி, இரயில் ஆகிய நான்கையும் யார் தம் வசம் வைத்திருந்தனர் என்ற கேள்வியைச் சுற்றியே இவ்வூர்களின் வரலாறு நடந்திருக்கிறது. அந்தக் கேள்வியோடு செல்பவருக்கு ஆயிரம் பேர் வாழும் ஊரிலும் இரண்டு நாள் பார்ப்பதற்கு விஷயம் இருக்கும்.

புறப்படும் முன் சில ஆண்டுகளை மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. 1867-இல் ஜோசப் மெக்காய் என்னும் வணிகர் கான்சஸின் அபிலீனில் இரயில் பாதையை ஒட்டி மாட்டுப் பட்டிகளை அமைத்தார். டெக்சஸிலிருந்து மந்தைகள் வடக்கே நடந்து வந்து அங்கே இரயில் ஏறின. 1874-இல் ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். திறந்தவெளி மேய்ச்சலின் முடிவு அங்கிருந்து தொடங்கியது. 1886–87 குளிர்காலத்தின் கடும்பனி வடக்குச் சமவெளிகளில் பெருந்தொகையான மாடுகளைக் கொன்றபின், வைக்கோல் சேமித்து வேலிக்குள் மாடு வளர்க்கும் முறை வலுப்பெற்றது. நீங்கள் செல்லும் ஊர் இந்த வரிசையில் எப்போது தோன்றியது, இரயில் அங்கே எந்த ஆண்டு வந்தது என்ற இரண்டையும் தெரிந்துகொண்டால், ஊரின் அமைப்பே பாதி விளங்கிவிடும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையத் தொகுப்பில் பழைய உள்ளூர்ச் செய்தித்தாள்களும், தீக்காப்பீட்டுக்காகச் சான்போர்ன் நிறுவனம் வரைந்த நகர வரைபடங்களும் கிடைக்கின்றன. அவ்வரைபடத்தின் படியைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால், இன்று காலி மனையாகத் தெரியும் இடத்தில் முன்பு வாடகைக் குதிரை இலாயம் இருந்ததா, சேணக் கடை இருந்ததா என்று சொல்லிவிடலாம்.

பருவமும் முக்கியம். சிறிய அருங்காட்சியகங்கள் பல கோடை மாதங்களில் மட்டுமே திறந்திருக்கும். அவற்றை நடத்துவோர் பெரும்பாலும் தன்னார்வலர்கள் என்பதால், முன்கூட்டித் தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது. கன்றுகளுக்கு உரிமையாளரின் குறியைச் சூடு போடும் வேலை வசந்தத்திலும், மாடு பிடித்தல், குதிரை அடக்குதல் போன்ற போட்டிகள் கொண்ட ரோடியோவும், கவுண்டி எனப்படும் உள்ளூர் நிர்வாகப் பிரிவின் சந்தையும் கோடையிலும், மாடுகளை விற்பனைக்கு அனுப்பும் வேலை இலையுதிர் காலத்திலும் நடக்கும். நெவாடாவின் எல்கோவில் 1985 முதல் நடந்துவரும் கௌபாய் கவிதைக் கூடல் மட்டும் பண்ணை வேலை குறைந்திருக்கும் குளிர்காலத்தில் நடைபெறுகிறது.

ஊரை அடைந்ததும் முதலில் கவுண்டி அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். உணவகமும் நினைவுப்பொருள் கடையும் பிறகு இருக்கட்டும். வயோமிங்கின் பஃபலோ என்னும் ஊரை எடுத்துக்கொள்ளலாம். இவ்வகை ஊர்களில் இதைவிடச் சிறந்த பாடம் இல்லை என்பது என் கருத்து. அங்கே மருந்துக்கடை நடத்திய ஜிம் கேட்செல் சேர்த்த பொருட்களிலிருந்து உருவான அருங்காட்சியகத்தில், 1892-இன் ஜான்சன் கவுண்டிப் போர் விரிவாகச் சொல்லப்படுகிறது. பெரும்பண்ணை உரிமையாளர்கள், சிறு விவசாயிகளை மாட்டுத் திருடர்கள் என்று குற்றம்சாட்டி, டெக்சஸிலிருந்து கூலிக்குத் துப்பாக்கி வீரர்களை வரவழைத்தனர். அந்தப் படை ஏப்ரல் 9 அன்று கேசி பண்ணையில் நேட் சாம்பியன், நிக் ரே ஆகிய இருவரையும் கொன்றது. செய்தி பரவியதும் ஊர்மக்கள் ஆயுதமேந்தித் திரண்டு, டிஏ பண்ணையில் அப்படையை முற்றுகையிட்டனர். மெக்கின்னி கோட்டையிலிருந்து குதிரைப்படை வந்துதான் ஏப்ரல் 13 அன்று முற்றுகையை முடித்தது. படையெடுத்து வந்தவர்களில் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. அருங்காட்சியகத்தில் இதைப் படித்துவிட்டு, 1880-இல் தொடங்கிய ஆக்சிடென்டல் ஹோட்டலைப் பாருங்கள். பிறகு தெற்கே, இன்று விருந்தினர் தங்கும் பண்ணையாக உள்ள டிஏ பண்ணைக்குச் சென்றால், அதன் களஞ்சியச் சுவரில் அன்றைய குண்டுத் துளைகளை இன்றும் காணலாம். இன்னும் தெற்கே, கேசி பண்ணை இருந்த இடத்தில் வளர்ந்த கேசி ஊரில் மற்றோர் அருங்காட்சியகம் உள்ளது. முதலில் ஆவணம், அடுத்து கட்டடம், கடைசியில் நிலம் என்ற இந்த வரிசை எந்தப் பண்ணையூருக்கும் பொருந்தும்.

அருங்காட்சியகங்களிலும் உணவகச் சுவர்களிலும் காணப்படும் சூட்டுக்குறிகளை அலங்காரம் என்று கடந்துவிட வேண்டாம். அவை பதிவுசெய்யப்பட்ட உடைமைச் சின்னங்கள். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், வெளியிலிருந்து உள் என்ற முறையில் அவற்றைப் படிக்க வேண்டும். படுத்த நிலையில் உள்ள எழுத்தைச் ‘சோம்பல்’ என்றும், சிறகு முளைத்ததைப் ‘பறக்கும்’ என்றும், கீழே வளைகோடு உள்ளதை ‘ஆடும்’ என்றும் அழைப்பர். ஒரே குறி பழைய புகைப்படத்திலும், கல்லறைக் கல்லிலும், இன்றைய பண்ணை வாயிலிலும் இருப்பதைக் கண்டால், ஒரு குடும்பத்தின் தொடர்ச்சி உங்கள் கண்முன் நிற்கிறது.

நீதிமன்றக் கட்டடத்தையும் பாருங்கள். கான்சஸின் காட்டன்வுட் ஃபால்ஸ் ஊரில் 1873-இல் சுண்ணாம்புக் கல்லால் கட்டப்பட்ட நீதிமன்றம் இன்றும் பயன்பாட்டில் உள்ளது. அதன் அருகிலேயே 1996-இல் அமைக்கப்பட்ட உயர்புல்வெளித் தேசியக் காப்பகத்தில் 1880-களின் பண்ணைவீடும் பெரிய களஞ்சியமும் பாதுகாக்கப்பட்டுள்ளன. மொன்டானாவின் டியர் லாட்ஜில் உள்ள கிராண்ட்-கோர்ஸ் பண்ணையில் மாடு வளர்ப்பு இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. 1866-இல் கான்ராட் கோர்ஸ் வாங்கிய இதைத் தேசியப் பூங்காத் துறை பராமரிக்கிறது. ஒரேயொரு பண்ணையைத்தான் பார்க்க நேரம் உண்டு என்றால் இதையே பரிந்துரைப்பேன். தோல்வியின் சின்னமும் பார்க்கத் தக்கது. வடக்கு டகோட்டாவின் மெடோராவில் மார்க்கி டி மோரே என்னும் பிரெஞ்சுப் பிரபு 1883-இல் இறைச்சிக்கூடம் தொடங்கினார். மாடுகளை உயிரோடு அனுப்பாமல், அங்கேயே வெட்டிக் குளிர்பதன இரயில் பெட்டிகளில் கிழக்கே அனுப்புவது அவருடைய திட்டம். 1886-இல் அது மூடப்பட்டது. அதன் புகைபோக்கி மட்டும் இன்னும் நிற்கிறது.

காட்சிப்பெட்டிகளில் யாருடைய கதை இல்லை என்பதையும் கவனியுங்கள். இந்த மேய்ச்சல் நிலங்கள் லகோட்டா, செயென், குரோ போன்ற பூர்வகுடிகளின் வேட்டை நிலங்களாக இருந்தவை. பஃபலோவுக்கு வடக்கே உள்ள ஃபில் கர்னி கோட்டைக்குச் சென்றால், 1866 டிசம்பரில் லகோட்டா, செயென், அரபாஹோ வீரர்கள் அமெரிக்கப் படைப்பிரிவு ஒன்றை முற்றிலும் அழித்த போரின் களத்தைக் காணலாம். மெக்சிகோவின் வக்கேரோக்கள் எனப்படும் குதிரையேறிய மாடு மேய்ப்பர்களிடமிருந்தே மாடு மேய்க்கும் கலை வடக்கே வந்தது. கறுப்பின கௌபாய்கள் மந்தைப் பாதைகளில் பெரும் எண்ணிக்கையில் உழைத்தனர். எல்கோவில் 1910-இல் திறக்கப்பட்ட ஸ்டார் ஹோட்டல், ஸ்பெயின்–பிரான்ஸ் எல்லைப் பகுதியிலிருந்து ஆடு மேய்க்க வந்த பாஸ்க் மக்களின் தங்கும் விடுதியாக இருந்தது. இவர்களைப் பற்றி அருங்காட்சியகப் பொறுப்பாளரிடம் பணிவோடு கேளுங்கள். பெட்டியில் வைக்க இடமில்லாத புகைப்படத் தொகுப்புகள் உள்ளறையில் இருப்பதுண்டு.

கால்நடை ஏலக்கூடம் பொதுமக்களுக்குத் திறந்தே இருக்கும். பின் வரிசையில் அமைதியாக அமர்ந்து ஏலத்தைக் கேட்பது நல்ல அனுபவம். அங்கே யாரிடமும் எத்தனை மாடுகள் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்காதீர்கள். அது வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதற்குச் சமமாகக் கருதப்படுகிறது.

ஊருக்கு வெளியே செல்லும்போது, திறந்திருக்கும் வேலிப் படலைத் திறந்தபடியும், மூடியிருப்பதை மூடியபடியும் விட்டுச் செல்லுங்கள். டெக்சஸ் உள்ளிட்ட சில மாநிலங்களில் மரத்திலோ கம்பத்திலோ பூசிய ஊதா வண்ணம், அத்துமீறி நுழையக்கூடாது என்பதற்கான சட்டப்பூர்வ அறிவிப்பு. வேலியில்லாத மேய்ச்சல் பகுதிகளில் இரவில் மாடுகள் சாலையில் படுத்திருக்கும், வேகத்தைக் குறையுங்கள். எதிரே மந்தை வந்தால் வண்டியை நிறுத்தி, ஒலிப்பானை அழுத்தாமல் காத்திருங்கள். அம்பு முனை, பழைய பானைத்துண்டு போன்றவை கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள். கூட்டரசின் நிலங்களில் தொல்பொருட்களைப் பெயர்த்தெடுப்பதை 1979-ஆம் ஆண்டின் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கிறது. பொருள் கிடக்கும் நிலையிலேயே படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, அந்நிலத்தை நிர்வகிக்கும் அலுவலகத்தில் தெரிவியுங்கள்.