செம்புக் கம்பியில் ஒரு பாக்டீரியா வால்: கிளிசரினில் நீந்த வைப்பது எப்படி?

ஈ.கோலை பாக்டீரியா தன் சுருள் வால்களை நொடிக்குச் சுமார் 100 முறை சுழற்றி, 20 முதல் 30 மைக்ரோமீட்டர் நகர்கிறது. அதைப் போல் நீந்தும் அவ்வளவு சிறிய ரோபோவை மேசையில் வைத்துச் செய்ய முடியாது. ஆனால் உருவத்தைப் பெரிதாக்கி, திரவத்தையும் கெட்டியாக்கிவிட்டால் இயற்பியல் அதேதான். 1996-இல் ஜப்பானில் ஹோண்டா, அராய், இஷியாமா மூவரும் செய்து காட்டியது இதே வகை: செம்புச் சுருள், தலையில் குட்டிக் காந்தம், வெளியே சுழலும் காந்தப்புலம்.

படி 1: திரவம்

கிளிசரின் போதும். 20 டிகிரியில் அதன் பாகுத்தன்மை தண்ணீரைப் போல் சுமார் 1,400 மடங்கு. 5 மி.மீ. விட்டமுள்ள சுருள் நொடிக்கு 2 சுற்று சுற்றினால் ரெனால்ட்ஸ் எண் (திரவத்தின் நிலைமத்தை அதன் பாகுத் தடையோடு ஒப்பிடும் எண்) ஏறத்தாழ 0.14. தண்ணீரில் இதுவே 150-ஐத் தாண்டும். அது மீனின் உலகம், பாக்டீரியாவுடையது அல்ல. ரெனால்ட்ஸ் எண் மிகவும் குறைந்த இடத்தில் வாலை முன்னும் பின்னும் ஒரே பாதையில் ஆட்டினால் போன தூரமெல்லாம் திரும்பி வந்துவிடும் என்று இயற்பியலாளர் பர்செல் 1970-களில் விளக்கினார். சுழலும் சுருளுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

என் விருப்பம் சிலிக்கான் ஆயில்தான். கழுவுவது தொல்லை, ஆனாலும் ஈரத்தை உறிஞ்சாது.

படி 2: வால்

0.5 மி.மீ. செம்புக் கம்பியை ஒரு கம்பின் மேல் நெருக்கமாகச் சுற்றி, உருவி, இழுத்து விடுங்கள். சுற்றுக்குச் சுற்று இடைவெளி 15 மி.மீ. வரட்டும், மூன்று சுற்று போதும். அப்போது கம்பி அச்சுக்குச் சுமார் 45 டிகிரி சாய்ந்திருக்கும். பேனா ஸ்பிரிங் போல நெருக்கமாக விட்டால் நின்ற இடத்திலேயே சுற்றும். மெல்லிய கம்பி குறுக்கே நகரும்போது படும் தடை, நீளவாக்கில் நகரும்போது படுவதைவிட இரண்டு மடங்கு வரை அதிகம். உந்துவிசை வருவதே அந்த வித்தியாசத்திலிருந்துதான். அதைப் பயன்படுத்தக் கம்பி சாய்ந்திருக்க வேண்டும்.

படி 3: காந்தம்

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. கடையில் கிடைக்கும் வட்டக் காந்தத்தை நாணயம் மாதிரி சுருளின் முனையில் தட்டையாக ஒட்டத்தான் கை போகும். அந்தக் காந்தங்களின் வட, தென் துருவங்கள் இரண்டு தட்டை முகங்களில் இருக்கின்றன. அப்படி ஒட்டினால் துருவக்கோடு சுருளின் அச்சோடு ஒன்றிவிடும். சுழலும் புலம் அதை அச்சில் திருகாது. முழுச் சுருளையும் தலைகீழாகப் புரட்டியடிக்கும். துருவக்கோடு அச்சுக்குக் குறுக்கே இருக்க வேண்டும். அதாவது வட்டத்தை விளிம்பில் நிறுத்தி, தட்டை முகம் பக்கவாட்டில் பார்க்கும்படி ஒட்டுங்கள். சூப்பர் க்ளூ போதும். சால்டரிங் வேண்டாம், சூட்டில் நியோடிமியம் காந்தம் வலுவிழக்கும்.

படி 4: சுழற்சி

கியர் மோட்டார் வாங்குங்கள், நிமிடத்துக்கு 60 சுற்று போதும். சாதாரண பொம்மை மோட்டார் வேகம் தாங்காது: ஓர் எல்லையைத் தாண்டினால் குட்டிக் காந்தம் புலத்தைத் துரத்த முடியாமல் நடுங்கி நின்றுவிடும். மோட்டார் தண்டில் பிளாஸ்டிக் குச்சியை நீட்டி, பெரிய காந்தத்தை இங்கேயும் குறுக்காகவே பொருத்துங்கள். சுருளைப் போட்டு மூடிய கண்ணாடிக் குழாயைப் படுக்கவைத்து, தண்டு அதற்கு இணையாக இருக்கும்படி மேலே தூரத்தில் பிடித்து, மெல்ல இறக்குங்கள். தலை மேல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் அளவுக்கு மீறி இறங்கிவிட்டீர்கள்.

நகர்ந்ததும் துள்ள வேண்டாம். காந்த இழுப்பாகவும் இருக்கலாம். பெரிய காந்தத்தை நேர் மேலே நிறுத்தி, மோட்டார் வயர்களை மாற்றிப் போடுங்கள். இரண்டு திசையிலும் மாறி மாறிக் கிளம்பினால் அது நீச்சல். இழுப்பு எப்போதும் காந்தத்துக்கு அடியிலேயே கொண்டுவந்து நிறுத்தும். மரத்தில் ஏறும் திருகு போல ஒரு சுற்றுக்கு ஒரு முழு இடைவெளி போகும் என்று எதிர்பார்க்காதீர்கள், வழுக்கல் அதிகம். ஈ.கோலைக்கே பத்தில் ஒரு பங்கு அளவுதான் கிடைக்கிறது.

பின்சேர்க்கை: "மோட்டார் வலப்பக்கம் சுற்றினால் என் சுருள் இடப்பக்கம் சுற்றுகிறதே" என்று சிலர் கேட்டிருந்தார்கள். சரியாகத்தான் இருக்கிறது. சுழலும் காந்தத்தின் பக்கவாட்டில் புலம் எதிர்த்திசையில் சுழலும். தண்டின் நேர்கோட்டில் முன்னே வைத்தால் ஒரே திசை. இன்னொருவருக்கு மதியத்தில் மட்டும் வேகம் கூடியதாம்: 30 டிகிரியில் கிளிசரினின் பாகுத்தன்மை 20 டிகிரியில் இருந்ததில் பாதிகூட இருக்காது. வேகத்தை ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள்.