டயாலிசிஸ் நர்ஸ் வேலையில் மரியாதை எங்கே இருக்கிறது?

டயாலிசிஸ் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தங்கச்சிகளுக்காக எழுதுகிறேன். மதுரையில் 11 வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். "மெஷின் மாட்டிவிடுற வேலைதானே" என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போது மனசு சுருங்கும். எனக்கும் சுருங்கியது.

அப்போது உங்கள் விரல்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஊசி போடும் முன் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகக் கையில் ஆபரேஷன் செய்து தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) மேல் விரல் வைத்தால் பூனை உறுமுவது போல ஓர் அதிர்வு தெரிய வேண்டும். ஸ்டெதாஸ்கோப்பில் உஸ்ஸென்ற சத்தமும் விடாமல் கேட்க வேண்டும். அதிர்வு இல்லையா, ஊசியைத் தொடாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். போன தடவை குத்திய இடத்திலேயே குத்தாமல் கொஞ்சம் தள்ளிக் குத்துங்கள். அந்த ரத்தக்குழாய் பல வருடம் உழைக்க வேண்டும்.

உசிலம்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வரும் பெரியவர் ஒருவர், "தாயி, நீயே குத்து" என்று கையை நீட்டுவார். ஒருநாள் மூன்றாவது மணி நேரத்தில் கொட்டாவி விட ஆரம்பித்தார். அலாரம் எதுவும் அடிக்கவில்லை. பிரஷர் பார்த்தேன், இறங்கியிருந்தது. தலையைத் தாழ்த்தி, காலை உயர்த்தி, நீர் எடுப்பதை நிறுத்திச் சலைன் விட்டோம். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது. மெஷினுக்கு முன்னால் ஆளைப் பாருங்கள்.

அப்புறம் எடை. சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்குக் குடித்த நீர் உடம்பிலேயே தங்கி எடையாக ஏறும். சித்திரைத் திருவிழா வெயிலில் நீர்மோரும் பானகமும் நீட்டினால் யாருக்குத்தான் வேண்டாமென்று சொல்ல வரும்? 3 கிலோ கூடி வந்தால் திட்டாதீர்கள், அடுத்த முறை மறைத்துவிடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "எத்தனை டம்ளர் குடிச்சீங்கய்யா?" என்று கேளுங்கள். சொல்லிவிடுவார்கள். சொன்னதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.