கறுப்பு கோட்டு மெரூனாகும் கதை: ஐஆர் கட் ஃபில்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் குறுக்குத்துறைப் படித்துறையில் இரண்டு தம்பிகள், ஆற்றுக்குள் நிற்கும் முருகன் கோயிலை நீண்ட எக்ஸ்போஷரில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். லென்ஸில் பத்து ஸ்டாப் என்டி, அதாவது ஒளியைக் குறைக்கும் இருண்ட ஃபில்டர்; ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும். படியில் கிடந்த கறுப்புக் குடை திரையில் செம்பழுப்பாகத் தெரிந்தது. "ஒயிட் பேலன்ஸ்ல கலரை அப்புறம் சரி பண்ணிக்கலாம்லா, அண்ணே?" என்றான் ஒருவன். இதையே நானும் ஒருகாலத்தில் சொன்னவன்தான்.

பிறகு சரிசெய்யலாம் என்று நம்புவது

சென்சாரில் உள்ள சிலிக்கான், நம் கண்ணுக்கு எட்டாத 700 நானோமீட்டருக்கு மேலும், ஏறக்குறைய 1,100 வரை ஒளியை வாங்கும். அதுதான் அகச்சிவப்பு, ஐஆர். அதற்குக் கேமராவுக்குள் தடுப்புக் கண்ணாடி உண்டு. ஆனாலும் கொஞ்சம் கசியும். சாதாரணமாக அது தெரியாது. பத்து ஸ்டாப் என்டி, கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஆயிரத்தில் ஒரு பங்காக்குகிறது. பல என்டிகள் அகச்சிவப்பை அந்த அளவுக்குக் குறைப்பதில்லை. எக்ஸ்போஷரை ஆயிரம் மடங்கு கூட்டும்போது கசிவும் சேர்ந்து கூடிவிடும்.

மணிமுத்தாறு அணைப் பக்கம், உச்சி வெயிலில், கல்யாணத்துக்கு மறுநாள் ஒரு வீடியோ எடுத்தேன். ஆறு ஸ்டாப் என்டி. மாப்பிள்ளையின் கறுப்பு பாலியஸ்டர் கோட்டு மெரூனாக வந்தது. காலில் இருந்த ஷூ மட்டும் கறுப்பு. கோட்டைக் கறுப்பாக்கினால் முகத்தில் பச்சை தட்டியது. ஒவ்வொரு துணியும் சாயமும் அகச்சிவப்பை வேறு வேறு அளவில் திருப்பி அனுப்பும். இலையோ அள்ளி வீசும். ஒரே ஸ்லைடரில் இதெல்லாம் எப்படி அடங்கும்? மூன்று ராத்திரி உட்கார்ந்தும் முடியாமல், சொந்தச் செலவில் மறுபடி எடுத்துக் கொடுத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான்.

2006இல் வந்த லைக்கா எம்8 கேமராவில் என்டி இல்லாமலே கறுப்புத் துணி இப்படி வந்தது. கம்பெனியே வாங்கியவர்களுக்கு அகச்சிவப்பைத் தடுக்கும் இரண்டு ஃபில்டர் இலவசமாகக் கொடுத்தது. எடிட்டிங்கில் முடிகிற காரியமென்றால் ஏன் கொடுக்கிறார்கள்?

பழைய என்டியோடு, அகச்சிவப்பை வெட்டும் ஐஆர் கட் ஃபில்டரையும் சேர்த்துப் போடுங்கள். புதிதாக வாங்கினால், இரண்டு வேலையையும் செய்யும் ஐஆர்என்டியாகவே வாங்குங்கள்.

வீட்டு விளக்கில் சோதிப்பது

எல்இடியில் அகச்சிவப்பு அநேகமாக இல்லை. வெயிலில் கறுப்பு பாலியஸ்டர் துணியை விரித்து, என்டி போட்டும் போடாமலும் எடுத்துப் பாருங்கள்.

அகல லென்ஸில் யோசிக்காமல் மாட்டுவது

பூச்சு வகை ஐஆர் கட்டில் ஒளி சாய்வாக விழுந்தால் சிவப்பிலும் கொஞ்சம் வெட்டுப்படும். அகத்தியர் அருவியை இப்படி எடுத்தபோது, நடுவில் வெள்ளையாக இருந்த நுரை ஓரத்தில் பச்சைநீலம். ஒளியை உறிஞ்சும் வகைக் கண்ணாடியில் இந்தத் தொல்லை குறைவு.

ஆர்72 வாங்குவது

அது அகச்சிவப்பை உள்ளே விடுகிற ஃபில்டர். நேர் எதிர்.