பெட்ரோல் டேங்கில் ஊசிமுனை ஓட்டையா? வீட்டிலேயே அடைக்கலாம்

முதலில் ஒரு காந்தத்தை டேங்கின் அடியில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்புத் தகட்டு டேங்க். கீழே சொல்லும் முறை அதற்குத்தான். ஒட்டவில்லை என்றால் பெரும்பாலும் பிளாஸ்டிக். ஓட்டையை அடைக்கும் எபாக்ஸி (இரண்டு கட்டிகளைச் சேர்த்துப் பிசையும் பசை) அதில் சரியாகப் பிடிக்காது, சில நாளில் உரிந்துவிடும். எல்பிஜி, சிஎன்ஜி சிலிண்டர் பக்கம் கையே வைக்காதீர்கள்.

சொட்டு விழும் இடமும் ஓட்டை இருக்கும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். பெட்ரோல் தகட்டை ஒட்டியே வழிந்து, தாழ்ந்த மூலையில் போய்ச் சொட்டும். அடிப்பகுதியை நன்றாகத் துடைத்துவிட்டு முகப் பவுடரைத் தூவுங்கள். எந்த இடம் முதலில் ஈரமாகி நிறம் மாறுகிறதோ அதுதான் ஓட்டை. பல நேரம் குற்றவாளி டேங்காகவே இருக்காது. பெட்ரோல் ஊற்றும் குழாயின் ரப்பர் ஓஸ் வெடித்திருக்கும், கிளாம்ப் தளர்ந்திருக்கும். டேங்க் நிரம்பியிருக்கும்போது மட்டும் கசிந்தால் மேலே இருக்கும் பம்ப் வாஷரைப் பாருங்கள். ஓஸில் பசை அப்புவது வீண்வேலை, மாற்றிவிடுங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் இன்ஜினுக்குப் போகும் லைனில் அழுத்தம் அதிகம், அதில் பசை நிற்கவே நிற்காது.

வேண்டியவை: பெட்ரோல் தாங்கும் என்று பாக்கெட்டில் எழுதியிருக்கும் எம்-சீல் வகை எபாக்ஸி, 80 நம்பர் உப்புத்தாள், பித்தளைக் கம்பி பிரஷ், கொஞ்சம் தின்னர், பருத்தித் துணி, கையுறை, கைப்பம்பு, மூடியுள்ள பெட்ரோல் கேன், 2 கிலோ பவுடர் தீயணைப்பான்.

வேலை திறந்த வெளியில்தான். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது; ஷெட்டுக்குள் தரையோடு தவழ்ந்துபோய் எங்கோ எரியும் ஊதுபத்தியையோ அடுப்பையோ தேடிப் பிடிக்கும். இன்ஜின், சைலன்சர் ஆறியபின் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். டார்ச்சை வெளியிலேயே எரியவிட்டு, பிறகு அதோடு வண்டிக்கு அடியில் போங்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வண்டியைத் தூக்கி ஜாக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கக் கூடாது.

அடுத்து, பெட்ரோலை ஓட்டையின் மட்டத்துக்குக் கீழே இறக்குங்கள். வாயால் உறிஞ்ச வேண்டாம், நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. டேங்க் காலியானதும் பயம் விட்டுவிடக் கூடாது. காலி டேங்கில்தான் ஆவியும் காற்றும் கலந்து வெடிக்கத் தயாராக இருக்கும். ட்ரில், கிரைண்டர், பற்றவைப்பு எதுவும் கிட்டே வரக் கூடாது.

பசை தோற்பது அநேகமாக அடுத்த கட்டத்தில்தான். ஓட்டையைச் சுற்றி 3 சென்டிமீட்டருக்குப் பெயின்ட், துரு எல்லாம் போய்ப் பளிச்சென்று தகடு தெரியும்வரை பிரஷாலும் உப்புத்தாளாலும் கையால் தேய்க்க வேண்டும். பிறகு தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, 10 நிமிடம் உலர விடுங்கள். விரலால் தடவினால் பிசுபிசுப்பு துளியும் இருக்கக் கூடாது. இன்னும் ஈரம் ஊறுகிறதென்றால் பெட்ரோல் மட்டம் போதுமான அளவு இறங்கவில்லை. தேய்க்கும்போதே கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். தகடு அமுங்கினால் அந்த டேங்க் முடிந்த கதை.

பெட்ரோல் மூடியைத் தளர்த்தி வையுங்கள். இறுக மூடியிருந்தால் வெயிலில் ஆவி விரிந்து, காயாத பசைக்குள் மயிரிழை வழி போட்டுவிடும். இரண்டு கட்டியிலும் சம அளவு கிள்ளி, ஒரே நிறமாகும்வரை பிசையுங்கள். கோடு கோடாகத் தெரிந்தால் அந்த இடம் இறுகாது. மிளகளவு உருண்டையை ஓட்டைக்குள் திணித்து, மேலே 3 மில்லிமீட்டர் கனத்துக்கு அப்பி, ஓரங்களை மெல்லிதாகத் தேய்த்து இழையுங்கள்.

ஒரு மணியில் கல்லாகிவிட்ட மாதிரி தெரியும். நம்பாதீர்கள், 24 மணி நேரம் விடுங்கள். பிறகு ஓட்டை மூழ்கும் அளவுக்குப் பெட்ரோல் ஊற்றி, அடியில் செய்தித்தாள் விரித்து ஒரு இரவு பாருங்கள். காகிதம் காய்ந்திருந்தால், துரு மறுபடி பிடிக்காமல் பசையைச் சுற்றிப் பிரைமர் அடியுங்கள்.

வழியில் கசிவு தெரிந்தால் துணி சோப்பை ஓட்டைமேல் அழுத்தித் தேய்க்கலாம். சோப்பு பெட்ரோலில் கரையாது. ஆனால் அது மெக்கானிக் கடைவரை போவதற்கு மட்டும்தான். அடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை வந்தால் திரும்ப அப்பாமல் டேங்கை மாற்றுங்கள். துரு உள்ளே இருந்து அரித்துக்கொண்டிருக்கிறது.