வீதியை அளந்த பிறகே வரைபடம்: சென்னையில் வீடோ கடையோ கட்டுமுன் பார்க்க வேண்டியவை

சென்னையில் சொந்த மனையில் வீடு கட்டவோ, கீழே கடை வைத்து மேலே குடியிருக்கவோ எண்ணுபவர்களில் பலர், முதல் வேலையாக ஓர் இன்ஜினியரிடம் போய் வரைபடம் போடச் சொல்கிறார்கள். அறைகள், வாஸ்து, மாடிப்படி எல்லாம் முடிவான பின்புதான் மனை எந்தப் பயன்பாட்டுப் பிரிவில் இருக்கிறது, முன்னால் எவ்வளவு இடம் விட வேண்டும் என்ற கேள்விகள் எழுகின்றன. அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொண்டால் செலவும் அலைச்சலும் பெருமளவு குறையும் என்பதால், எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்ற முறையிலேயே இந்த விளக்கத்தை அமைத்திருக்கிறேன்.

நிலத்தின் பயன்பாட்டைச் சொல்வது, 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டம். அந்த நிலத்தில் எப்படிக் கட்டலாம் என்பதைச் சொல்வது, 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். இவ்விதிகள் அடிக்கடி திருத்தப்படுவதால், தெரிந்தவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய பிடிஎஃப்பை நம்பாமல், சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் இணையதளத்தில் உள்ள திருத்தங்கள் சேர்ந்த வடிவத்தைப் பார்க்க வேண்டும்.

படி 1: மனையின் அடையாளம்

பட்டா, கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று ஆகிய மூன்றிலும் சர்வே எண்ணும் பரப்பும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். நகரின் பழைய பகுதிகளில் பிளாக் எண்ணும் டவுன் சர்வே எண்ணும் சேர்ந்தால்தான் மனையைக் கண்டுபிடிக்க முடியும். பழைய பத்திரத்தில் கிராம சர்வே எண் மட்டுமே இருந்தால், அதற்கு இணையான டவுன் சர்வே எண்ணை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மனை அங்கீகரிக்கப்பட்ட லேஅவுட்டில் உள்ளதா என்பதும் இப்போதே தெரிய வேண்டும். 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் ஒரு திட்டம் வந்தது. அதன்கீழும் வரன்முறை ஆகாத மனைக்குக் கட்டட அனுமதி கேட்பது வீண்.

படி 2: நிலப் பயன்பாடு

முழுமைத் திட்டம் ஒவ்வொரு சர்வே எண்ணையும் முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், வேளாண்மை, திறந்தவெளி என ஏதாவது ஒரு பிரிவில் வைத்திருக்கிறது. சிஎம்டிஏ இணையதளத்தில் கிராமத்தையும் சர்வே எண்ணையும் கொடுத்து இதைப் பார்க்கலாம். தெருவில் ஏற்கெனவே நாலு கடை இருக்கிறதே என்பது எந்த வகையிலும் ஆதாரமாகாது; அந்தக் கடைகளே அனுமதியில்லாமல் நடந்துகொண்டிருக்கலாம். முதன்மைக் குடியிருப்புப் பகுதியில் அன்றாடத் தேவைக்கான சிறு கடைகளுக்கும், குடியிருப்பவரின் தொழில்சார்ந்த அலுவலகத்துக்கும் குறிப்பிட்ட பரப்புவரை இடமுண்டு. அதைத் தாண்டினால் கலப்புக் குடியிருப்பாகவோ வணிகப் பகுதியாகவோ இருக்க வேண்டும்.

பிரிவு பொருந்தாவிட்டால் மறுவகைப்பாடு கேட்டு விண்ணப்பிக்க வழியுண்டு. கட்டணம், பத்திரிகை அறிவிப்பு, ஆட்சேபணைகளைக் கேட்பது, குழுவின் பரிசீலனை என்று அது நீளும். ஒரே ஒரு கடைக்காக அந்த வழியில் இறங்குவதைவிட, பொருந்தக்கூடிய இடத்தில் வாடகைக்கு எடுப்பதே பெரும்பாலும் நல்லது என்பது என் கருத்து.

பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி, தெற்குக் கடற்கரையோர நிலத்தடி நீர் செறிவூட்டும் பகுதி ஆகியவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உள்ளன. விமான நிலையத்தைச் சுற்றியுள்ள பல்லாவரம், பம்மல் போன்ற இடங்களில் உயரத்துக்கும் வரம்புண்டு.

படி 3: வீதியின் அகலம்

இந்தப் படிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. முன்பக்கம் விட வேண்டிய இடம், அதாவது செட்பேக், மனையின் அளவைப் பொறுத்ததன்று. எதிரில் உள்ள வீதியின் அகலத்தைப் பொறுத்தது. வழக்கமான தனி வீடுகளுக்கும் உயரம் குறைந்த கட்டடங்களுக்கும், வீதி 9 மீட்டருக்குள் இருந்தால் 1.5 மீட்டரும், 9 முதல் 18 மீட்டர்வரை 3 மீட்டரும், அதற்குமேல் 30.5 மீட்டர்வரை 4.5 மீட்டரும், அதையும் தாண்டினால் 6 மீட்டரும் விட வேண்டும். நம் வழக்கில் 30 அடி ரோடு என்பது 9.14 மீட்டர், 100 அடி ரோடு ஏறக்குறைய 30.5 மீட்டர்.

வேளச்சேரியில் 40-க்கு 60 அளவில் ஒரு கிரவுண்ட் மனை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்திரத்தில் 30 அடி ரோடு என்று இருக்கிறது. அப்படியானால் 9 மீட்டரை 14 சென்டிமீட்டர் தாண்டிவிட்டதால் முன்னால் 3 மீட்டர் விட வேண்டும். ஆனால் எதிர்வீட்டுக் காம்பவுண்டு சுவர் முன்தள்ளி வந்து, டேப்பைப் பிடித்தால் 28 அடிதான் இருக்கிறது என்றால், கேள்வி மாறுகிறது. 40 அடி முகப்பில் 1.5 மீட்டர் வித்தியாசம் என்பது ஏறத்தாழ 200 சதுர அடி. ஓர் அறையே அதில் போய்விடும். ஆகவே லைசென்ஸ்டு சர்வேயரை அழைத்து, மனைக்கு நேராக மட்டுமன்றி வீதி நெடுகிலும் சில இடங்களில் அளக்கச் சொல்லி, எஃப்எம்பி எனப்படும் நில அளவைப் புலப்படத்தோடு ஒப்பிட்ட பிறகே முடிவுக்கு வர வேண்டும். குறுகலான வீதி என்றால் செட்பேக் மிச்சம் என்று மகிழ்வதற்கும் இல்லை. என்ன பயன்பாட்டுக்குக் கட்டலாம், பிரீமியம் எஃப்எஸ்ஐ (கட்டணம் செலுத்திப் பெறும் கூடுதல் தளப்பரப்பு) கிடைக்குமா என்பவையும் அதே அகலத்தைப் பொறுத்தே இருக்கின்றன.

சாலை விரிவாக்கம் திட்டமிடப்பட்டிருந்தால், அதற்கான பகுதியைத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்கச் சொல்வார்கள். செட்பேக்கை இன்றைய காம்பவுண்டிலிருந்து கணக்கிடாமல், புதிய கோட்டிலிருந்து கணக்கிட வேண்டும்.

படி 4: பக்கவாட்டு இடமும் மொத்தப் பரப்பும்

பக்கவாட்டு இடைவெளி, கட்டடத்தின் உயரத்தையும் மனையின் அகலத்தையும் சேர்த்துப் பார்த்து அமைகிறது. உயரம் கூடக்கூட அதுவும் கூடும் என்பதால், பின்னால் இன்னொரு மாடி எழுப்பும் எண்ணம் இருந்தால் அந்த உயரத்துக்கான இடைவெளியை இன்றே விட்டுவிடுங்கள். ஜார்ஜ் டவுன் போன்ற, தொடர்ச்சியாகக் கட்டடங்கள் ஒட்டி நிற்கும் பகுதிகளுக்கு வேறு கணக்கு. மொத்தத் தளப்பரப்புக்கு வழக்கமான எஃப்எஸ்ஐ 2, அதாவது மனைப் பரப்பைப்போல் இரண்டு மடங்கு. ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி என்பதால் அதில் 4,800 சதுர அடிவரை கட்டலாம். ஆனால் செட்பேக், உயர வரம்பு, வண்டி நிறுத்தும் இடம் ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தால் சிறு மனைகளில் அந்த அளவை எட்டுவது கடினம்.

படி 5: விண்ணப்பம்

வரைபடம் போட வேண்டியது இப்போதுதான். சிறிய கட்டடங்களுக்கு மாநகராட்சியும், பெரியவற்றுக்கு எழும்பூரில் உள்ள சிஎம்டிஏவும் அனுமதி வழங்குகின்றன. இரண்டுக்கும் இணையவழி ஒற்றைச்சாளர முறையிலேயே விண்ணப்பிக்கலாம். 2,500 சதுர அடிக்குள் மனையும் 3,500 சதுர அடிக்குள் கட்டடமும் உள்ள, தரைத்தளம் அல்லது அதன்மேல் ஒரு தளம் கொண்ட வீடுகளுக்கு 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. அனுமதி உடனே வருகிறது என்பதற்காக அலட்சியமாக நிரப்பக் கூடாது. தவறான விவரத்துக்கு விண்ணப்பதாரரே பொறுப்பு. மேலும் அது குடியிருப்புக்கு மட்டும்தான். கீழே கடை வைப்பவர் அந்த வழியில் போக முடியாது. மழைநீர் சேகரிப்பு அமைப்பு எந்த வரைபடத்திலும் கட்டாயம் இருக்க வேண்டும்.

படி 6: கடையின் பலகை

கடையின் பெயர்ப்பலகை வேறு, விளம்பரப் பலகை வேறு. மொட்டைமாடியில் நிறுத்தும் ஹோர்டிங், அடுத்தவர் பொருளை விளம்பரப்படுத்தும் பலகை போன்றவற்றுக்கு மாநகராட்சியின் உரிமம் வேண்டும். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் விதிகள் இதை ஒழுங்குபடுத்துகின்றன. குளிர்பானக் கம்பெனி இலவசமாகத் தரும் பலகையில் கடையின் பெயர் ஓரத்திலும் பாட்டில் படம் நடுவிலும் இருந்தால், அது பெயர்ப்பலகையா விளம்பரமா என்ற கேள்வி எழ இடமுண்டு. அப்படிப்பட்டதை மாட்டுமுன் மண்டல அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. எந்தப் பலகையாயினும் நடைபாதையின்மேல் நீட்டிக்கொண்டிருக்கலாகாது.

சொந்தப் பெயர்ப்பலகைக்கு, கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளின்படி தமிழ் முதலிலும் மேலோங்கியும் இருக்க வேண்டும். மூன்று மொழிகளில் எழுதினால் தமிழுக்கு 5, ஆங்கிலத்துக்கு 3, பிற மொழிக்கு 2 என்ற விகிதத்தில் இடம் பிரிய வேண்டும். 10 அடிக்கு 4 அடிப் பலகையில் இது 20, 12, 8 சதுர அடி. லோகோவை ஆங்கில எழுத்திலேயே பெரிதாக வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே தமிழைச் சிறிதாகப் போட்டுத் தரும் வழக்கம் ஃபிளெக்ஸ் கடைகளில் இருக்கிறது. டிசைனைக் கணினியில் காட்டும்போதே ஸ்கேல் வைத்து அளந்து பார்த்துவிட்டு அச்சுக்குச் சம்மதம் சொல்லுங்கள்.