பள்ளி விட்டு வந்ததும் சுண்டல்

மாலை 4.30 மணிக்குப் பையை வீசிவிட்டு வரும் பிள்ளைக்கு அகோரப் பசி. கைக்கு எட்டுவது பிஸ்கட் டப்பா என்றால் அதுதான் உள்ளே போகும். அதனால் காலையிலேயே இரண்டு கைப்பிடி கொண்டைக்கடலையை ஊறப் போட்டுவிடுங்கள். பிள்ளை வருவதற்குள் குக்கரில் வேகவைத்து, கடுகு, கறிவேப்பிலை தாளித்து வையுங்கள். தேங்காய்த் துருவலும் மாங்காய்த் துண்டும் தூவுகிற வேலை பிள்ளைக்கு. தன் கை பட்ட கிண்ணத்தை ஆசையாகக் காலி செய்யும், பாருங்கள்!

பிறகு விளையாட அனுப்புங்கள். 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நொண்டி, ஸ்கிப்பிங், சைக்கிள், எதுவானாலும் சரி. முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். “சாப்பிட்டால்தான் டிவி” என்ற பேரம் மட்டும் வேண்டவே வேண்டாம், சுண்டல் தண்டனையாகிவிடும்.